அரப்பில் போகாத வெள்ளை

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, புறங்கையால் எண்ணெயும் அரப்பும் தொட்டு மாரியப்பனின் தலையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். செத்தவனுக்கு உள்ளங்கையால் வைக்கக்கூடாது. பொன்னாத்தாளின் முறை வந்தபோது அவள் தலையைத் தொடவில்லை. புருஷனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கையை எட்டு வருஷமாகக் கழுவியவள் அவள். மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கிய வருஷம் திருச்செங்கோட்டில் ஒரு பருத்தி அரவை மில்லில் சேர்ந்தவன் மாரியப்பன். பொழுது சாயத் திரும்பும்போது புருவம் முதல் பாதம் வரை பஞ்சுத் தூசி அப்பியிருக்கும். "தொரை வந்துட்டாருங்கோ" என்று கேலி பேசிக்கொண்டே வெந்நீர் ஊற்றி அரப்புப் போட்டுத் தேய்ப்பாள். அவன் சிரிப்பான். சிரித்தால் இருமல் வரும், வந்தால் லேசில் நிற்காது. மூன்றாம் வருஷமே நெஞ்சில் இளைப்பு குடியேறிவிட்டது.

இந்த ஐப்பசியில் மழை பிடித்து மில்லை மூடினார்கள். அவன் வீட்டோடு கிடந்தான். நாற்பது நாள் பஞ்சைத் தொடாதவனுக்கும் வெள்ளை போகவில்லை. உதடு, நகக்கண், உள்ளங்கை எல்லாம் வெளுத்தே இருந்தன. எட்டு வருஷத் தூசி தோலுக்குள் இறங்கிவிட்டது என்று அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கிணற்றடிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். இளைப்புக்காரன் இளைக்கத்தானே செய்வான் என்று அதையும் விட்டுவிட்டாள். கட்டியவள் கண்ணுக்கே தெரியாததை வேறு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

முந்தாநாள் மூச்சு முட்டவே வண்டி கட்டி டவுன் டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டார். பிறகு கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நெஞ்சு கெட்டது பழைய நோய், அதோடு இப்போது ரத்தமும் சுண்டிவிட்டது, இழுக்கிற கொஞ்ச மூச்சை உடம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ரத்தம் வேண்டாமா என்றார். சோகைக்கு இரும்பு மருந்தும் ஆட்டு ஈரலும் கொடுக்கச் சொன்னார்.

"மாசக்கணக்கா வெளுத்திருக்காரு. கூடவே இருக்கறே, பாக்கலயாம்மா?"

"பஞ்சுன்னு நெனச்சுட்டனுங்க சாமி."

டாக்டர் மருந்துப் புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். திரும்பி வரும்போது வண்டிக்குள் படுத்திருந்த மாரியப்பன்தான் அவளைத் தேற்றினான். "அழுவாத புள்ள. நானும் பஞ்சுன்னுதான் நெனச்சேன்" என்றான். மருந்து இரண்டு வேளைதான் தொண்டையில் இறங்கியது. இன்று காலை கோழி கூவும் நேரத்துக்கு மூச்சு நின்றுவிட்டது.

பொன்னாத்தாள் உள்ளங்கையில் அரப்பைக் குழைத்து அவன் கையில் வைத்துத் தேய்த்தாள். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள், யாரும் தடுக்கவில்லை. ஒரு விரற்கடை இடமாவது பஞ்சாக இருந்துவிட்டால் அவளுக்குப் போதும். அத்தனையும் தன் தப்பு இல்லை என்று ஆகிவிடும். ரேகை ரேகையாகத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டியும் பார்த்தாள்.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற அவன் அக்காள் தெய்வநாயகி குனிந்து அவள் தோளைத் தொட்டாள்.

"போதும் உடு பொன்னா. அவனுக்கு வலிக்கும்."

"இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க நங்கையா."

தெய்வநாயகி ஊற்றினாள். அரப்பு பச்சையாகக் கரைந்து மண்ணில் ஓடியது. கை வெளுத்தே இருந்தது. பொன்னாத்தாள் மறுபடி அரப்புக் கிண்ணத்தை எட்டி எடுத்தாள்.