ஒரு சொட்டு வாசனை

ஓர் ஆய்வகப் பணியாளரைப் பெண் பூச்சி என்று நம்பி ஆண் அந்துப்பூச்சிகள் அவர் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தன. அந்த இனத்தில் பெண்ணுக்குப் பறக்க வராது. மரப்பட்டையில் உட்கார்ந்தபடி வாசனையை அனுப்பும். ஆண் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும். புழுவாக இருக்கும்போது காட்டைத் தின்று தீர்க்கும் இவற்றைப் பொறியில் சிக்கவைக்க, ஐந்நூறு பெண் பூச்சிகளிலிருந்து ஒரு சொட்டு வாசனையை ஆய்வகத்தில் பிரித்தெடுப்பார்கள். குப்பியில் பெயர்ச்சீட்டு எழுதும்போது மட்டும் அவர் கையுறையைக் கழற்றிவிடுவார், ரப்பரோடு பேனா பிடிக்க வராது என்று. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, மூடி கசிந்து கட்டைவிரலில் பட்டது.

மறுநாள் பேருந்தைவிட்டு இறங்கும்போது அவர் காலரில் நாற்பது பூச்சிகள் இருந்தன. "உனக்கென்னப்பா, மாப்பிள்ளைங்க வரிசையில நிக்கறாங்க," என்றார் மேலதிகாரி. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, வினிகர் எதற்கும் வாசனை மசியவில்லை. பூச்சிகள் மழையில் குடைக்குள் வந்தன. பூச்சியே இல்லாத குளிர் மாதங்களிலும் வந்தன. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் வந்தன. அவற்றுக்கு வாய் கிடையாது. இருக்கும் நாலு நாளையும் பட்டினியாக அவர் தோளில் காத்திருந்து, ஒன்றும் நடக்காமல் உதிர்ந்தன. விழுகிற ஒவ்வொன்றிடமும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் வருடம் மனைவி பெட்டியைக் கட்டினாள்.

"சோத்துல பூச்சி, தலையணையில பூச்சி. உங்களைத் தொடணும்னா ஒரு கூட்டத்தையே விலக்கிட்டு வரணும்."

"நான் என்னதான் செய்யட்டும், சொல்லு."

"ஒண்ணும் செய்ய முடியாதுன்னுதானே கிளம்பறேன்."

அவள் ரயிலில் ஒரு பகல் தூரத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்ற அவர் கையசைக்கவில்லை. கையைத் தூக்கினால் எல்லாம் கிளம்பிவிடும்.

ஒன்பதாம் நாள் அக்கா கணவரின் கார் வந்து நின்றது. கண்ணாடி தெரியாதபடி பூச்சி அப்பியிருந்தது. "தப்பா நினைக்காதீங்க சகலை, வீட்டுல கைக்குழந்தை இருக்கு," என்று இறங்காமலே சொன்னார் அவர். மனைவி பெட்டியோடு இறங்கினாள். கூந்தல் முழுக்கச் சாம்பல் நிறச் சிறகுகள்.

"எனக்கும் ஒட்டிக்கிச்சு," என்றாள்.

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுக்களைக்குள் போனாள். பாதிப் பூச்சிகள் அவள் பின்னால் போயின. பிறகு வந்த வருடங்களில், காலையில் யார் முதலில் எழுந்தார்களோ அவர் துடைப்பத்தை எடுத்தார்.