கம்பிக்குள் சிக்கிய நூல்

பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அந்த "ம்" நல்லதுக்கில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஈறு வீங்கியிருக்கும்மா. தொட்டாலே ரத்தம் வருது. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா கம்பியைக் கழட்டிடுவேன். வரிசைக்கு வர்றதுக்குள்ள பல்லெல்லாம் சொத்தையாயிட்டா, வரிசையை வச்சு என்ன பண்ணப் போற?"

சிறு வயதிலிருந்தே கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் அவள். கல்யாணப் போட்டோவில்கூட உதடு திறக்கவில்லை. "இந்த வயசுல எதுக்கு?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டும் அசராமல் போட்டுக்கொண்ட கம்பி. அதைப் பாதியில் கழற்றுவதா? விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, அவ்வளவு வலி.

மறுநாளிலிருந்து தையல் கூடத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் குழாயடியில் போய் நின்றாள். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். பாட்டில் கழுவும் பிரஷ் குட்டி போட்டதுபோல் ஒன்று வைத்திருந்தாள். அதை இடுக்குகளில் விட்டு எடுத்தாள்.

"என்னடி கம்பி, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கப் போறியா?" என்றாள் காஜா அக்கா. சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவள். அடுத்த மிஷின். கூடத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பதும் அவள்தான்.

"வாயில நுரையா இருக்குக்கா. இல்லன்னா நல்லாக் கேட்டிருப்பேன்."

அப்படியும் கீழ்வரிசையில் இடதுபக்கம் மட்டும் அடங்கவில்லை. மிட்டாயை நிறுத்தினாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் துப்பிய நுரையில் நீலமாக ஏதோ நெளிந்தது. விரலில் எடுத்துப் பார்த்தாள். நூல் பிசிறு. அன்று காலையிலிருந்து அவள் தைத்துக்கொண்டிருந்தது நீலச் சீருடை.

அடிப்பாவி, நானேதானா?

கத்தரி மிஷின் மேல்தான் கிடந்தது. ஆனால் தையல் முடிந்ததும் துணியைத் தூக்கி, நூலைக் கடித்து அறுத்துவிட்டு அடுத்ததை எடுப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. கடிக்கும்போதெல்லாம் பிசிறு கம்பியில் மாட்டி, சாப்பாட்டுத் துணுக்கையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கிறது. டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் ஊசியில் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலைக் கோத்து, கம்பிக்கு அடியில் நுழைத்து இழுத்தாள். இன்னும் இரண்டு பிசிறு வந்தது.

இனி கடிப்பதில்லை என்று முடிவெடுத்து மிஷினில் உட்கார்ந்தாள். முதல் சட்டை முடிவதற்குள் நூல் வாய்க்குப் போய்விட்டது. கத்தரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுக் கடித்தாள். தன் கையைத் தானே ஓங்கி அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் கட்டிக்கொண்டு வந்தாள்.

"யாருக்குப் பயந்துடி முகத்தை மூடியிருக்க?"

"என் கைக்குப் பயந்துக்கா."

தூக்கிய நூல் மாஸ்க்கில் முட்டி முட்டித் திரும்பியது. ஒவ்வொரு முட்டலுக்கும் காஜா அக்கா சிரித்தாள். "வேகம் குறையுதே" என்று சூப்பர்வைசர் இரண்டு முறை பக்கத்தில் வந்து நின்றார். "நூலைக் கத்தரியால வெட்டப் பழகிட்டிருக்கேன் சார், பிடிச்சிடுவேன்" என்று நிமிராமலே சொன்னாள். வியர்வையில் மாஸ்க் ஒட்டியது, கழற்றவில்லை. மெல்ல மெல்ல முட்டல்கள் குறைந்தன. கை தானாகக் கத்தரியைத் தேடத் தொடங்கியது.

அடுத்த முறை டாக்டர் இடதுபக்க ஈறை ஓரம் ஓரமாகத் தொட்டுக்கொண்டே போனார். அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

"பின்பல் ஓரத்துல இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்கு. ஆனா ரத்தம் இல்ல. கம்பி இருக்கட்டும்மா. இன்னைக்கு இறுக்கப் போறேன், ரெண்டு நாளைக்கு உயிர் போற மாதிரி வலிக்கும். பரவாயில்லையா?"

அவள் வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.