இடது பக்கம்

கடைசி நாள் காலை பத்து மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: அம்மா, கட்டிலில், மூன்று தலையணைகளில் சாய்ந்து. அக்கா, கால்மாட்டில், போர்வையின் நுனியைப் பிடித்தபடி. பாஸ்டர், பிளாஸ்டிக் நாற்காலியில். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், பையைத் தோளிலிருந்து இறக்காமல். அவன், கட்டிலருகே, ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டு. கர்த்தரும் இருந்தார் என்று அம்மா சொன்னாள். அவனுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

அம்மா டம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினாள். இன்னொரு கால் வட்டம். கண் அசையவில்லை.

மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் அவள் செய்த வேலை அது. ட்யூப்லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நிரப்பி மூடிய ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தூசி, முடி, கசடு. சுத்தமானது வலது பக்கத் தட்டுக்குப் போகும். மற்றது இடது பக்கத்துக்கு. அந்தப் பேச்சை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அக்காவைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையைச் சிரித்த முகமாக வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும், "இடது பக்கம்" என்றாள். அவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்லியிருக்கலாம் என்று அவன் இன்றும் நினைக்கிறான்.

டம்ளரின் அடியில், தண்ணீருக்குள் தண்ணீர் போல, ஒரு நெளிவு சுழன்றுகொண்டிருந்தது. சரியாகக் கலக்காமல் விட்டது அவன் தப்பு.

"இடது பக்கம் வை," என்றாள் அம்மா.

பாஸ்டருக்கு விளங்கவில்லை. மடியிலிருந்த பைபிளை எடுத்து இடது தொடைக்கு மாற்றிக்கொண்டார். அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, அழுகையாகப் போனது.

"என்னடா கலந்த?" என்றாள்.

"வலி மருந்து. வேற என்ன, விஷமா?"

"வேண்டாம்னு அவங்க சொல்லிட்டாங்கல்ல? ரெண்டு வாரமா தலைபாடா அடிச்சுக்கறாங்கல்ல? ஏமாத்திக் குடுப்பியா?"

"ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கற சத்தம் உனக்குக் கேக்கலையா?"

அம்மாவைப் பற்றி அம்மாவின் முன்னாலேயே சண்டை போட்டார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பில் இருந்த புற்று முதுகுக்கு ஏறியிருந்தது. வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். கம்பியில் அந்த இடம் மட்டும் பளபளத்தது.

நர்ஸ் குறுக்கே வந்தாள். "ஏம்மா, வலியைத் தாங்கிக்கிட்டா உங்களுக்கு மெடலா தரப்போறாங்க?"

"மெடல் இல்லம்மா. பரலோகத்துல கிரீடம்," என்றாள் அம்மா. பாஸ்டர் பக்கம் திரும்பி, "சரிதானே பாஸ்டர்?"

பாஸ்டர் நெளிந்தார். "சபையில யாரும் மருந்து சாப்பிடக் கூடாதுன்னு சொல்லலியே, அம்மா. நானே முதுகுவலிக்கு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுதான் உங்க மாடியேறினேன்."

"அது உங்க முதுகு."

"பாடு தானா வந்தா ஏத்துக்கணும். நாமளா இழுத்து வச்சுக்கணும்னு இல்ல."

"சிலுவையில ஆணி அடிக்கறதுக்கு முன்னால வலி தெரியாம இருக்கக் கலந்து குடுத்தாங்களே, அதைக் கர்த்தர் குடிச்சாரா?"

பாஸ்டர் பைபிளை மறுபடி மடிக்கு நடுவில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு பேசியது அவனைப் பார்த்து மட்டும். "நான் யாருக்கும் பாடம் நடத்தலைடா. இத்தனை வருஷமா கூட இரும், கூட இரும்னு அவரைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்பதான் வந்து உக்காந்திருக்கார். வீட்டுக்கு வந்தவரை உக்கார வச்சிட்டு நான் தூங்கறதா?"

அவன் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினான். அலமாரித் தட்டின் இடது ஓரத்தில் வைத்தான். வேறு டம்ளரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வலது ஓரத்தில் வைத்தான்.

பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டுப் போனார். படியில் அவர் ஒவ்வொரு காலாக இறங்குவது கேட்டது. நர்ஸ் மருந்துப் பாட்டிலை மேஜையில் வைத்தாள். "சாயங்காலம் வரேன். மனசு மாறினா பத்துச் சொட்டு. மிச்சத்தை நான்தான் திருப்பிக் கொண்டுபோகணும், கீழே கொட்டிடாதீங்க," என்றாள். அவனிடம் மட்டும், தணிந்த குரலில், "இன்னிக்குத் தாண்டாது, தம்பி" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் அம்மாவால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. கை நழுவி நழுவி விழுந்தது. பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜெபமா முனகலா என்று பிரிக்க முடியவில்லை. நெற்றியில் அக்கா வைத்த ஈரத்துணி வைத்த வேகத்தில் சூடானது. இரண்டு தரம் நனைத்து வைத்தாள். மூன்றாவது தரம் துணியைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"டேய், குடுத்துத் தொலைடா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பாக்கற? எடுத்துக் குடு. கண்ணையே தொறக்கலை. அம்மாவுக்குத் தெரியாது."

"காலைல என்னமோ சொன்ன?"

"காலைல எனக்குத் தைரியம் இருந்துச்சு. நான் கர்த்தர்கிட்ட கேட்டுக்கறேன், பாவம் என் தலையில இருக்கட்டும். குடுடா, உன் கால்ல விழறேன்."

அம்மாவின் உதடு அசைந்தது. "தண்ணி."

அவன் அலமாரிக்குப் போனான். இரண்டு டம்ளர்கள். இடது பக்கத்தில் இருந்ததில் இப்போது நெளிவு இல்லை. நாலு மணி நேரத்தில் நன்றாகக் கரைந்து, இரண்டும் ஒன்றுபோலத் தெளிந்து நின்றன. அம்மாவே தூக்கிப் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவன் கை முதலில் போனது இடது பக்கம்தான். கட்டில் வரைக்கும் கொண்டுபோனான். அவள் தலையைத் தூக்கி, விளிம்பை உதட்டருகே வைத்தான். அவள் வாயைத் திறந்தாள். அப்படித் திறந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சோறு ஊட்டும் கையை நம்பும் பிள்ளை போலத் திறந்தாள்.

டம்ளரை எடுத்துவிட்டான்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"அம்மாவுக்குத் தெரியாதுங்கறதாலதான் குடுக்க முடியலை."

திரும்பிப் போய் வலது பக்கத்து டம்ளரை எடுத்தான். ஜன்னல் முன்னால் நின்று, அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கால் வட்டம். இன்னொரு கால் வட்டம். முழு வட்டமும் திருப்பி முடித்து, "சுத்தம்மா," என்றான். அவள் கண் திறக்கவில்லை. கேட்டதா என்று தெரியவில்லை. இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய் கடைவாயில் வழிந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் வலிதான். முகத்தில் வெளிச்சம் வந்தது, சாந்தம் வந்தது என்று பிறகு அக்கா சபையில் சொல்லக்கூடும். அவன் பார்த்ததில் அப்படி ஒன்றும் இல்லை. அவன் அவள் கையைக் கம்பியில் வைத்து, நழுவாமல் மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் அவன் கை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு அம்மாவின் உடலை எடுத்துப் போக வண்டி வந்தது. அக்காவும், திரும்பி வந்திருந்த பாஸ்டரும் கூடவே ஏறிப் போனார்கள். மருந்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் அவன் நின்றான்.

நர்ஸ் வந்து காலிக் கட்டிலைப் பார்த்தாள். பையை இந்த முறை இறக்கி வைத்தாள். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பார்த்தாள்.

"ஒரு வேளை மருந்து குறையுதே."

"டம்ளர்ல இருக்கு."

அவள் அலமாரியைப் பார்த்தாள். "இதுல எது?"

"இடது பக்கம்."

"காலைல கலந்தது அப்படியே இருக்கா? குடிக்கலையா?"

"குடுக்கலை."

அவள் நோட்டை விரித்து நீட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான். அவள் இடது டம்ளரை எடுத்துப் போய்த் தொட்டியில் ஊற்றி, கழுவி, துடைத்து, கொண்டுவந்து வலது பக்கத்தில் மற்றதோடு சேர்த்து வைத்தாள். அம்மாவின் இடது, வலது கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"ஏதாவது சாப்பிடுங்க, தம்பி."

"சரி."

அவள் வெளியே போனாள். படியில் அவள் செருப்பு மாட்டுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். கடைசிப் படி வரை சத்தம் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தினான். சாவியை இரண்டு சுற்றுத் திருப்பிப் பூட்டினான்.