இணைச்சீருக்கு ஒரு தங்கை

"தொடாத புள்ள! அக்கட்டால போ!"

சென்னியம்மாள் மகளின் கையைத் தட்டிவிட்ட சத்தம் கூடத்திலிருந்த எல்லோருக்கும் கேட்டது. தெய்வாத்தாள் தொட்டது ஒரு பட்டுச்சேலையை. நாளைக் காலை அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்யப் போகிறவளுக்கு எடுத்தது.

கூறைச் சேலையின் ஒரு நுனியை மாப்பிள்ளை பிடிக்க, மறு நுனியைத் தோளில் தாங்கி அவன் உடன்பிறந்தவள் பக்கத்தில் நிற்பதுதான் இணைச்சீர். மாப்பிள்ளை தம்பிதுரைக்கு உடன்பிறந்தவள் தெய்வாத்தாள் ஒருத்திதான். ஆனால் போன தையில் அவள் புருஷன் பிளேக்கில் செத்தான். அன்றோடு அவள் அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்ததும் ரத்தாகிவிட்டது போலும். சித்தப்பா மகள் முத்தாத்தாளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

முத்தாத்தாள் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். அது அவளுக்குப் பொருந்தித் தொலையக் கூடாது என்று தெய்வாத்தாள் மனதார வேண்டிக்கொண்டாள். பொருந்தியது.

"எப்படியிருக்குதுங்கக்கா?"

"நெம்ப நல்லாருக்குது. நீதான் கொஞ்சம் கருப்பாத் தெரியற."

முத்தாத்தாள் வளையல் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சத்தம் தெய்வாத்தாளின் வெறுங்கைகளில் ஊசியாய் இறங்கியது.

தம்பிதுரை பி.ஏ. படித்தவன். மலைக்காட்டு ஜனங்களின் வழக்கங்களைப் பற்றித் தன் வெள்ளைக்காரப் புரொபசருக்காக ஒரு கட்டுரை எழுதியிருந்தான். மாமன் காளிச்சாமி கேட்டுக்கொண்டதால் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தான்:

"இக்கூட்டத்தார் புருஷன் இறந்த பெண்ணுக்கு மறுவருஷமே வேறு புருஷனைச் சேர்த்துவைக்கின்றனர். அவளும் கூச்சமின்றிப் பூச்சூடி ஆடுகிறாள்."

"காட்டுப்பசங்க!" என்று காளிச்சாமி தொடையைத் தட்டினார். கூடமே சிரித்தது.

கதவோரம் நின்ற தெய்வாத்தாளின் பொறாமை, முகம் தெரியாத அந்தக் காட்டுக்காரி மேல் தாவியது. முத்தாத்தாளுக்காவது ஒரு சேலைதான். காட்டுக்காரிக்கோ மறுபடி ஒரு வாழ்க்கை!

"எனக்கும் ஒரு கூட்டத்தைத் தெரியுமுங்க மாமா" என்றாள். "அண்ணனாட்டவே சொல்லட்டுங்களா?"

"சொல்லு அம்மணி!"

அவள் அண்ணனைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இக்கூட்டத்தாரில் ஒருவன் நோயில் இறந்தால், நோயை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டியைத் தண்டிக்கின்றனர்."

"பொண்டாட்டியவா? அட முட்டாப் பசங்களா! எந்தக் காட்டுலம்மணி?"

"கேளுங்க மாமா. அவள் கண் பட்டால் கல்யாணம் கெடும் என்று பின்கட்டில் ஒளித்துவைக்கின்றனர். ஆனால் கல்யாண விருந்துக்கு மாவாட்டுகிறவள் அவளே. அந்த மாவுக்கு மட்டும் தோஷமில்லை. பெண்டாட்டி செத்த ஆணுக்கோ, மூன்றாம் மாதமே பெண் தேடுகின்றனர்."

காளிச்சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கு இப்போதிருப்பவள் இரண்டாம் பெண்டாட்டி.

"காடெல்லாம் இல்லீங்க மாமா. சிங்காநல்லூர்க் கொளத்துக்குக் கெழக்கால, பந்தல் போட்ட ஊடு."

சென்னியம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தம்பிதுரை காகிதங்களை மடித்தான்.

மறுநாள் சடங்கு நடத்தும் அருமைக்காரர் கூறைச் சேலையின் ஒரு நுனியை மாப்பிள்ளை கையில் கொடுத்து, "கூடப்பொறந்தவங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

"வந்தேனுங்க."

குரல் பின்கட்டிலிருந்து வந்தது. வெள்ளைச் சேலையில், கையெல்லாம் மாவோடு, தெய்வாத்தாள் பந்தலுக்குள் வந்து நின்றாள். பட்டுடுத்தி எழுந்த முத்தாத்தாள் அப்படியே நின்றாள். பிடிக்க ஆளில்லாமல் மறு நுனி தரையில் புரண்டது. கூட்டம் முழுவதும் படித்த மாப்பிள்ளையையே பார்த்தது.

ஒரு வார்த்தை போதும் அவன் சொல்ல. இவளைத் தவிர எனக்கு யார் தங்கை என்ற ஒரு வார்த்தை.

தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டான்.

"முத்தாத்தா, நீ வா" என்றான்.

முத்தாத்தாள் தோளில் கூறை ஏறியது. தெய்வாத்தாள் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"இதையும் சேத்தி எழுதிப்போடுங்கண்ணா" என்றாள். "அந்தக் கூட்டத்துல படிச்சவங்களும் இருக்கறாங்கன்னு."

"உள்ள போ கண்ணு, கும்புடறேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

அவள் போகவில்லை. தாலி ஏறும்வரை, மாவுக் கையோடு, எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே நின்றாள்.