அங்கியில் தெளித்த ரத்தம்

அரசனின் வீரர்கள் நால்வர் கான்டர்பரி பேராலயத்துக்குள் புகுந்து பேராயரை வெட்டிச் சாய்த்தார்கள் என்று கேட்டதும் ஹாமோவின் வாயில் வந்த முதல் கேள்வி, "எம்புள்ள எங்க நின்னான்?" என்பதுதான். மகன் விமண்ட் பேராயருக்குப் பணிவிடை செய்த இளம் பாதிரியார்.

அன்று இரவே அவன் வீடு திரும்பினான். வெள்ளை அங்கியில் ஒட்டடை மட்டுமே ஒட்டியிருந்தது.

"பீடத்துக்குப் பின்னால பூந்துக்கிட்டேன்பா. வாளப் பாத்ததும் காலு தானா ஓடிருச்சு."

"வாய மூடு. நம்ம வம்சத்துல எவனும் முதுகு காட்டுனதில்ல."

கிறிஸ்துமஸ் சமையலுக்கு அறுத்த பன்றியின் ரத்தம் கொல்லையில் ஒரு சட்டியில் இருந்தது. ஹாமோவே அதை எடுத்து அங்கியின் மார்பில் தெளித்தார்.

பேராயரின் ரத்தம் தோய்ந்த துணியை நனைத்த தண்ணீர் நோய் தீர்க்கிறது என்று விரைவிலேயே பேச்சு கிளம்பியது. அந்த அங்கியைத் தேடி ஹாமோவின் வாசலிலும் கூட்டம் சேர்ந்தது.

"கடைசி வரைக்கும் கூட நின்னவனப் பெத்தவருய்யா இவரு!" என்றான் ரொட்டிக்கடை ஆஸ்பெர்ன். "நம்ம வீட்டுச் சிங்கமெல்லாம் அடுப்புக்குப் பின்னாடில்ல கெடந்துச்சு!"

கூட்டம் சிரித்தது. ஹாமோ நெஞ்சை நிமிர்த்தினார். விமண்ட் இருந்த உள்ளறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

ஹவிஸ் என்ற நெசவுக்காரி காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கி வந்தாள். பனியில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள்.

"ஐயா, அங்கி ஓரத்தக் கொஞ்சம் நனைச்சுக் குடுங்க. புள்ள கண்ணத் தொறக்கவே மாட்டேங்குது."

ஊரே பார்க்கிறது. ஹாமோ நனைத்துக் கொடுத்தார். தண்ணீர் சிவந்தது. ஹவிஸ் கிண்ணத்தைக் குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

"குடி கண்ணு. பேராயரு உனக்காகச் சிந்துனது."

ஹாமோவின் கை கிண்ணத்தைத் தட்டிவிட்டது.

"என்ன பெரியவரே, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றான் ஆஸ்பெர்ன்.

"கை தவறிருச்சு, பாவம். இன்னொரு வாட்டி நனைச்சுக் குடுங்கய்யா" என்றாள் ஹவிஸ்.

ஆமென்று தலையசைத்திருந்தால் போதும்.

"அது பன்னி ரத்தம்மா" என்றார் ஹாமோ. "எம்பையன் ஓடி ஒளிஞ்சான். தெளிச்சது நான்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழந்தையின் உதட்டை முக்காட்டுத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. விமண்ட் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"வாங்கம்மா, பேராலயத்துக்குப் போவோம். நெசமானது அங்க இருக்கு."

தகப்பனை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கூட்டமும் அவன் பின்னால் போனது. அங்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹாமோ அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.