லிண்டேல் பாறை இருக்கும் இடம்

லோம்ஷேர் தீவைச் சுற்றியுள்ள கடலில் ஒரு பாறைக்குப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால் யாராவது அதன்மேல் மோதியிருக்க வேண்டும். ஆக்தா பாறை, ஆக்தா என்ற பாய்மரக் கப்பலை வாங்கிக்கொண்டது. பாதிரியார் பாறையில் ஒரு பாதிரியார் படகையும் மூன்று பன்றிகளையும் இழந்தார். வரைபடம் முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவருக்கு வந்த கெட்ட நாள்.

லிண்டேல் பாறை மட்டும் அப்படியல்ல என்பார் ஆல்கோட் லிண்டேல். அவருடைய தாத்தா கார்ல் இசாக், 1909-ஆம் ஆண்டு ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அதைக் கண்டுபிடித்தார். அரசாங்கம் அவரைக் கௌரவித்துப் பெயரை வைத்தது. லிண்டேல்கள் நான்கு தலைமுறையாகக் கப்பல் வழிகாட்டிகள். வெளியூர்க் கப்பல் வந்தால் படகில் போய் ஏறி, கப்பல் தலைவனுக்குப் பக்கத்தில் நின்று, ஆயிரம் தீவுகளுக்கு நடுவே துறைமுகம்வரை வழி சொல்வது தொழில். நான்கு தலைமுறையில் ஒரு கப்பலையும் பாறையில் ஏற்றியதில்லை. இதை ஆல்கோட் விருந்தாளிகளிடம் நின்றுகொண்டுதான் சொல்வார். தீவில் எண்பத்தாறு பேர். மற்ற எண்பத்தைந்து பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். மறுத்ததில்லை. ஆமாம் என்றதும் இல்லை.

1974 செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை, கடல்வழி அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஹாப்பலா வந்து பள்ளிக்கூடச் சுவரில் புதிய வரைபடத்தை மாட்டினார். சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்கள் வருடத்துக்கு வருடம் பெரிதாகின்றன, பழைய வழியில் இரண்டு கூர்மையான திருப்பங்கள் இருக்கின்றன, திருப்பம் குறைந்தால் விபத்தும் குறையும் என்றார். லிண்டேல் பாறையைச் சுற்றிக்கொண்டு போகும் திருப்பம் இனி கிடையாது. அதற்கு நானூறு மீட்டர் மேற்கே நேர்வழி. முப்பதாயிரம் டன் எண்ணெயோடு முதல் கப்பல் வியாழக்கிழமை வரும்.

"ஆழம் பாத்தாச்சா?" என்று கேட்டார் ஆல்கோட்.

"படகைக் கோடு கோடா ஓட்டி அளந்தாச்சு. எங்கயும் இருபத்தஞ்சு மீட்டருக்குக் குறையல. கப்பல் தண்ணிக்குள்ள இறங்குறது பன்னிரண்டுதான்."

"ஒரு கோட்டுக்கும் இன்னொண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி?"

"அறுபது மீட்டர். தலைமை வழிகாட்டிக்கு ஏதாவது சந்தேகமா?"

ஓய்வுபெற்று ஐந்து வருடமாகியும் பட்டத்தைச் சொல்லி அழைத்தது ஆல்கோட்டுக்குப் பிடித்திருந்தது. சந்தேகமில்லை என்றார். அது உண்மை. அவருக்குச் சந்தேகம் இல்லை, நிச்சயமாகத் தெரியும்.

தாத்தாவின் குறிப்புப் புத்தகம் அவர் மேசையின் கீழ் இழுப்பறையில், எண்ணெய்த்துணியில் சுற்றி இருக்கிறது. அப்பா இறந்தபோது, இருபத்திரண்டு வருடம் முன்பு, கைக்கு வந்தது. அதன்படி, கார்ல் இசாக் உப்பேற்றிய ஒரு டேனிஷ் கப்பலுக்கு வழிகாட்டிக்கொண்டு வந்தபோது, வழியைவிட்டு விலகி மேற்கே போனார். அங்கே யாருக்கும் தெரியாத ஒரு பாறையில் கப்பல் ஏறியது. ஒரு நாள் கழித்துக் காற்று மாறி நீர்மட்டம் உயர்ந்ததும் தானாக இறங்கியது. வழியைவிட்டு ஏன் போனாய் என்று கேட்பார்களே என்று, பாறை வழியின் ஓரத்திலேயே இருப்பதாக அலுவலகத்துக்கு எழுதினார். அலுவலகமும் அங்கேயே குறித்துக்கொண்டது.

ஆகவே, வரைபடத்தில் லிண்டேல் பாறை உள்ள இடத்தில் பாறை இல்லை. அறுபத்தைந்து வருடமாகக் கப்பல்கள் வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆல்கோட்டே நாலாயிரம் கப்பல்களையாவது அப்படிச் சுற்ற வைத்திருப்பார். மேற்கே ஒரு கப்பலும் போகாதவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று இருந்துவிட்டார்.

வீட்டில் சிக்னே வறுத்த மீனையும் உருளைக்கிழங்கையும் வைத்தாள். அவர் முள்ளை எடுக்காமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் உன்கிட்ட ஏதாவது சொல்லுதா?" என்றாள்.

"புது வழி தாத்தாவோட பாறைக்கு மேல போகுது."

"மேற்கதான போகுதுன்னாங்க?"

"பாறையும் மேற்கதான் இருக்கு."

சிக்னே உட்கார்ந்தாள். நாற்பது வருடத்தில் அவள் சாப்பாட்டுக்கு நடுவில் அடுப்பை மறந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். மோதியதைச் சொல்லும் இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் மோதுனது தெரியும். இடம் மாத்தி எழுதுனதுதான் தெரியாது" என்றாள் அவள்.

"மோதுனது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாறைக்கு உங்க பேரு இருக்கே, ஆல்கோட்."

அவர் முள்கரண்டியை வைத்தார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளு. சீக்கிரம் முடியும்."

"யாருக்குத் தெரியாது?"

"போன மாசம் வந்த புது டீச்சருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சொல்லிட்டாங்களோ என்னமோ."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதுகை வளைக்காமல் நின்றார். அதற்கு அவருக்கு உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. மோதியதை ஊர் அறியும் என்பது ஒன்று. அதிகாரிக்குப் பொய் எழுதியதும், அந்தப் பொய்யை மகனும் பேரனும் காத்ததும் வேறு. மோதல் கெட்ட நேரம். மற்றது குடும்பம் செய்தது.

"அஞ்சு வருஷம் முன்னாடி எண்ணெய் அப்பின நாப்பத்தோரு வாத்தைக் குளியல் தொட்டியில போட்டுக் கழுவினேன்" என்றாள் சிக்னே. "அப்ப மோதினது சின்னக் கப்பல். கொஞ்சம் எண்ணெய்தான் ஒழுகுச்சு. மூணு வாத்து பொழச்சுது. தொட்டி இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. முப்பதாயிரம் டன்னுக்கு நம்ம தொட்டி பத்தாது."

செவ்வாய்க்கிழமை காலை ஆல்கோட் சட்டைக்குமேல் சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு வழிகாட்டி நிலையத்துக்குப் போனார். வியாழக்கிழமைக் கப்பலுக்கு வழிகாட்டப்போகிறவன் ரூனார். நாற்பது வயது, எதையும் இரண்டு தடவை யோசித்து ஒரு தடவை பேசுகிறவன். சொந்தமில்லை, மரியாதைக்குப் பெரியப்பா என்பான்.

"படகை எடு. ஈயக்குண்டையும் எடு" என்றார்.

"ஆழம் பாக்க எதிரொலி அளவி இருக்கே, பெரியப்பா."

"அது சொன்னா ஆபீஸ் நம்பும். குண்டு சொன்னா நான் நம்புவேன். ரெண்டையும் எடு."

குறிப்புப் புத்தகத்தில் அடையாளம் தெளிவாக இருந்தது. தேவாலயக் கோபுரத்தின் நுனி லிண்டேல் வீட்டுப் புகைபோக்கிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். வடக்கே வெள்ளைக்கல் தீவின் ஓரம் பழைய குறிக்கம்பத்தைத் தொட வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடம். புகைபோக்கியை இடித்துக் கட்டலாம் என்று சிக்னே எத்தனையோ தடவை சொல்லியும் அப்பாவும் அவரும் விட்டதில்லை. காரணம் கேட்டால் மரபு என்பார்கள்.

முதல் தடவை இருபத்தேழு மீட்டர். இரண்டாவது தடவையும் இருபத்தேழு. ஆல்கோட் படகை ஒரு படகு நீளம் நகர்த்தச் சொன்னார். கயிறு பாதியில் தளர்ந்தது. ஆறரை மீட்டர். ரூனார் எதிரொலி அளவியைப் பார்த்தான். அதுவும் ஆறரை என்றது. இன்னொரு படகு நீளம் போனார்கள், மறுபடி இருபத்தாறு.

"சௌனா குளியல் அறை அகலம்தான் இருக்கு" என்றான் ரூனார். "ரெண்டு கோட்டுக்கு நடுவுல சௌகரியமா உக்காந்திருக்கு."

ஆல்கோட் ஈரக் கயிற்றைச் சுருட்டினார்.

"உங்க தாத்தா எதுக்கு இந்தப் பக்கம் வந்தார், பெரியப்பா?" என்று கேட்டான் ரூனார்.

"வலை போட்டிருந்தார். பாக்க வந்தார்."

"கப்பலோடயா?"

"வழியிலதான இருக்குன்னு நெனச்சிருப்பார்."

ரூனார் படகைத் திருப்பினான். "மீன் இருந்துச்சா?"

"ரெண்டு பீப்பா. வெளிய பேசாம இருக்கணும்னு அந்தக் கப்பல் தலைவனுக்குக் குடுத்துட்டார்."

பொறியாளர் ஹாப்பலா நிலையத்தின் சமையலறையில் ஏலக்காய் ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார். ஆல்கோட் குறிப்புப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். ரூனார் ஆழத்தையும் இடத்தையும் சொன்னான். பொறியாளர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் போனார். திரும்பி வந்தபோது புதிய வழி நிறுத்தப்பட்டிருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தையும் தடித்த பதிவேடு ஒன்றையும் எடுத்தார்.

"லிண்டேல் பாறை. 1909. தெரிவித்தவர் கே. ஐ. லிண்டேல். எவ்வாறு கண்டறியப்பட்டது..." விரலை நிறுத்தினார். "இது காலியா இருக்கு."

"ஆமாம்."

பொறியாளர் பேனாவின் மூடியைக் கழற்றி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "பழசைக் கிளற வேண்டியதில்ல. புதுப் பாறை, புதுப் படிவம். ஈயக்குண்டு இறக்கிக் கண்டுபிடித்தவர், தலைமை வழிகாட்டி ஆல்கோட் லிண்டேல், 1974. பாத்தா அதுதான நடந்தது."

ரூனார் காப்பியைக் கலக்குவதை நிறுத்தினான்.

தாத்தாவைப்பற்றி இத்தனை வருடம் சொல்லிவந்த கதை, இப்போது அரசாங்க முத்திரையோடு அவருக்கே உண்மையாகிவிடும். ஒரு கையெழுத்து போதும். இனி விருந்தாளிகளிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம். அந்த எண்பத்தைந்து பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள்.

"நான் கயித்தால கண்டுபிடிச்சேன். அவர் கப்பலால கண்டுபிடிச்சார். அவர்தான் மூத்தவர்" என்றார் ஆல்கோட். "இங்க பாறைக்குப் பேரு மோதினவனுக்குத்தான். அந்த முறைய நான் மாத்த முடியாது. பேனாவைக் குடுங்க."

பதிவேட்டின் காலிக் கட்டத்தில், அழகான பழைய கையெழுத்தில் எழுதினார்: "கப்பல் மோதியது. வழிகாட்டி வலை பார்க்கப் போயிருந்தார். இடம் தவறாகத் தெரிவிக்கப்பட்டது, குடும்பத்துக்குத் தெரியும்." கையெழுத்திட்டு, பட்டத்தையும் சேர்த்தார்.

பொறியாளர் படித்துவிட்டு மையின்மேல் ஊதினார். "சரி. மேற்க லிண்டேல் பாறை. ஆனா பழைய இடத்துல இருக்கிறதை உடனே அழிக்க முடியாது. அங்க ஒண்ணும் இல்லன்னு உறுதிப்படுத்தணும். இரும்புச் சட்டத்தைத் தொங்கவிட்டுக் கடலையே துடைச்சுப் பாக்கணும். ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டும் இருக்கும்."

"ரெண்டு லிண்டேல் பாறையா?" என்றான் ரூனார்.

"கிழக்கு, மேற்கு."

ரூனார் இதை இரண்டு தடவை யோசித்தான். "எங்க குடும்பத்துக்கு ஒண்ணுகூட இல்ல, பெரியப்பா."

"அதுக்கு மோதணும்" என்றார் ஆல்கோட்.

வியாழக்கிழமை நண்பகலில் எண்ணெய்க் கப்பல் பழைய வழியிலேயே வந்தது. ரூனார் அதை மெதுவாக, ஒன்றுமே இல்லாத தண்ணீரைச் சுற்றித் திருப்பினான். ஆல்கோட் கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கப்பலின் பின்பகுதி வெள்ளைக்கல் தீவைத் தாண்டும்வரை நின்றார். உள்ளேயிருந்து சிக்னே, பட்டாணி சூப் ஆறுகிறது என்று சொன்னாள்; புகைபோக்கியை இனியாவது இடிக்கலாமா என்றும் கேட்டாள்.

"கூடாது" என்றார் அவர். "இப்பதான் அதுக்கு வேலையே வந்திருக்கு."