வலது பக்கம்

...எழுந்தேன், முகம் கழுவினேன், நேற்றைய வாற்கோதுமை ரொட்டியைத் திராட்சரசத்தில் தோய்த்துத் தின்றேன், புகைக்கரியில் பிசின் குழைத்து மை கரைத்தேன், நாணல் பேனாவைச் சீவினேன், என் மனைவி திரிபேனா செத்துப் பதினோராவது நாள், இன்றும் மை சரியான பதத்தில் வந்துவிட்டது, அதுதான் எரிச்சல். அந்தியோகியாவில் எங்கள் சபைக்கு ஒரு தோல் ஏடு உண்டு, இடது பக்கம் பழைய யூதத் தீர்க்கதரிசிகள் சொன்னது, வலது பக்கம் அது நம் காலத்தில் நிறைவேறிய விதம், நான்கு வருடமாக எழுதுகிறவன் நான். நேற்று மூப்பர் ஹெர்மியாஸ் வந்தார், இடது பக்கத்தை அவரே முடிவு செய்திருந்தார், பிரசவ வேதனையில் கர்த்தரைக் கூப்பிடும் பெண்ணைப் பற்றிய வரி. "உன் பொண்டாட்டியும் அப்படியே கூப்பிட்டாளாம் தம்பி, வலது பக்கத்துல எழுதிடு, ஞாயித்துக்கிழமை வாசிக்கணும்." யார் கேட்டது? "மருத்துவச்சி சொன்னா, கத்தினாளாம்." கத்தினாள்தான், குழந்தை குறுக்கே கிடந்தது, கத்தாமல்? "அது கர்த்தரைக் கூப்பிட்டதுதான், உனக்கு இப்ப புரியாது."

எனக்கா புரியாது... போன வருடம் விசுவாசத்துக்காகச் சிறையில் செத்த தோல் பதனிடுகிற லூபஸ் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுத்தான் செத்தார், இடது பக்கத்து வரிக்கு ஏற்ப, வாய் திறக்காத ஆட்டைப் போலச் செத்தார் என்று எழுதியவன் நான், வாசித்தபோது அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள், அழுகிறாள் என்று நினைத்தேன், அழுதாளா? தீர்க்கதரிசிகளின் சுருளை எங்களுக்கு இரவல் தரும் யூதன் மத்தத்தியா சிரிப்பான், "எங்க பாட்டன் எழுதினதுல உங்க வீட்டுப் பூனை குட்டி போட்டதையும் கண்டுபிடிப்பீங்கப்பா." திரிபேனா செத்த அன்று மட்டும் சுருள் எதுவும் எடுக்காமல் வந்து உட்கார்ந்தான். நடந்ததற்கு வரி தேடினோமா, வரிக்காக நடந்ததை வெட்டினோமா? தீர்க்கதரிசி சொன்ன அந்தப் பெண்ணும் எருசலேமில் எங்கோ நிஜமாகவே கத்தியிருப்பாள், என்ன சொன்னாள், அவர் கேட்டாரா, அல்லது அவரும் அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருந்தாரா, என்னைப் போல... அன்று அவளுக்கு வலி கண்டபோது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவருகே போய் எட்டிப் பார்த்தேன், என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து வந்த எதிலும் சொல் இல்லை. வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது, மூப்பர் வருவார், மை காய்கிறது, தோய்க்கிறேன், எழுதுகிறேன், அவள் சொன்னது இவ்வளவுதான்: "எழுதி முடிச்சிட்டே வாங்க, இன்னும் நேரமிருக்கு."